எக்ஸெல் தாளும் அத்தையின் முழங்காலும்

மகள் போட்ட எக்ஸெல் தாளில் பாரிஸின் முதல் நாளுக்கு மட்டும் ஆறு இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இடையில் ‘நடை 12 நிமிடம்’, ‘மெட்ரோ 9 நிமிடம்’ என்று குறிப்புகள் வேறு. எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, “இதுல உக்கார்றது எத்தனை மணிக்கும்மா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்பது பாரிஸில் மூன்றாவது நாள்தான் எங்களுக்குப் புரிந்தது.

திருச்சியிலிருந்து நாங்கள் நாலு பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது முடித்திருந்த மகள், என் மாமியாரான 68 வயது அத்தை. 2025 மே மாதம், பள்ளி விடுமுறையில் போனோம். முதலில் போட்ட திட்டத்தில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ், வெனிஸ், ரோம் என்று எல்லாம் இருந்தது. வீட்டுக்காரரின் அலுவலக நண்பர் பன்னிரண்டு நாளில் ஏழு நாடு பார்த்து வந்தவர். அவரிடம் எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டால் “பஸ் ஏசி பிரமாதம்” என்றார். அதோடு மூன்று ஊர்களைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டோம். பாரிஸில் ஐந்து இரவு, ரோமில் நான்கு இரவு. போகும் விமானம் பாரிஸுக்கு, திரும்பும் விமானம் ரோமிலிருந்து. போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறுவதாக இருந்தால் ஒரு முழு நாள் வீணாகியிருக்கும்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசாவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு அது பிரான்ஸ். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, இடைத்தரகு மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாங்கள் அசட்டையாகத் தள்ளிப்போட்டோம். அதன் விலை ஈபிள் கோபுரம். லிப்டில் ஏறும் டிக்கெட் 60 நாள் முன்பாகவே விற்பனைக்கு வந்துவிடுகிறது. விசா வராமல் எப்படி வாங்குவது என்று மார்ச் மாதம் தயங்கினோம். விசா கைக்கு வந்தபோது எங்கள் நாட்களில் ஒரு டிக்கெட்டும் மிச்சமில்லை.

அடுத்து கிழமை. இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. நம் ஊரில் கோயில் எந்தக் கிழமையும் திறந்திருக்கும், அந்தப் பழக்கத்தில் நாங்களும் நாட்களை வெறும் எண்களாகவே போட்டிருந்தோம். மகள்தான் ஒருநாள் ராத்திரி ஓடி வந்து “அம்மா, திங்கட்கிழமை ஓர்சே லீவு” என்றாள். தேடத் தேட ஒவ்வொன்றாக வந்தது. லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை. வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் இல்லை. புதன்கிழமை காலையில் போப் பொதுமக்களைச் சந்திப்பார், அன்று அந்தப் பக்கம் முழுக்கக் கூட்டம். ஆறு இடத்துத் தாளில் பாதி அங்கேயே கலைந்தது. புதிய தாளில் முதல் நெடுவரிசையில் கிழமையை எழுதி, அன்று எது மூடியிருக்கும் என்பதைச் சிவப்பில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் இடங்களை நிரப்பினாள். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு வாரச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

ரோமின் பழைய வட்ட அரங்கமான கொலோசியத்துக்கு டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும். எங்கள் நாள் மே 21 என்பதால் ஏப்ரல் 21 அன்று கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். விசா இன்னும் வரவில்லை. பெரியவர்களுக்கு 18 யூரோ, 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் இலவசத்துக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மூன்று பேருக்கு ஐயாயிரம் ரூபாய் சொச்சம், போனால் போகட்டும் என்று வாங்கினோம். அன்றைக்குத்தான் போப் பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. அடுத்த வாரம் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க, வாட்டிகன் அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பார்க்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தை மூடினார்கள். எங்கள் வாட்டிகன் டிக்கெட் மே 22. மே 8 அன்று புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்து போப் லியோ தேர்வானபோது, கிறிஸ்தவர் அல்லாத எங்கள் வீட்டில் டிவி முன்னால் கைதட்டல் கேட்டது. காரணம் எங்கள் டிக்கெட்தான், மறைக்க ஒன்றுமில்லை.

கொலோசியம் டிக்கெட்டில் இன்னொரு வில்லங்கம், அது நமக்கென்றே உள்ள வில்லங்கம். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நாம் இனிஷியல்காரர்கள். அத்தையின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து மாமாவின் முழுப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. டிக்கெட் வாங்கும் அவசரத்தில் நான் ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி பெயரையும் ஒற்றை எழுத்தையும் போட்டுவிட்டேன். கிளம்பும் முந்தைய நாள்தான் கண்ணில் பட்டது. வாசலில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார், அப்புறம் போகச் சொன்னார். எல்லாருக்கும் அப்படி விடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடியுங்கள்.

சரி, பாரிஸ். வியாழக்கிழமை போய் இறங்கினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லூவர். புதன், வெள்ளி இரண்டு நாளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், சாயங்காலம் கூட்டம் குறைவு என்று வீட்டுக்காரர் படித்திருந்தார். படித்தது சரிதான். எங்கள் உடம்பைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கோடையில் பாரிஸ் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் 7 மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. விடிகாலை நாலு மணிக்கே நாலு பேரும் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம், சாயங்காலம் தள்ளாடினோம். முதல் இரண்டு மூன்று நாளுக்கு டிக்கெட் எல்லாம் காலை 9 மணிக்கு வாங்குவதே நல்லது. எப்படியும் விழித்திருப்போம்.

ஆனாலும் லூவரில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தோம். ஆளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த நாலு மட்டும் பார்ப்பது, மற்றது வழியில் கண்ணில் பட்டால் லாபம். வீட்டுக்காரர் மோனாலிசா என்றார். நான் படிக்கட்டு உச்சியில் நிற்கும் சமோத்ராஸ் வெற்றித் தேவதை சிலை. மகள் பாடத்தில் படித்த ஹமுராபி சட்டக் கல். அத்தை, “உக்கார இடம்.”

மோனாலிசா முன்னால் கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறது, அரை நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஹமுராபி கல் இருக்கும் ரிஷலியூ பகுதியிலோ ஆளே இல்லை. கருங்கல், இரண்டே கால் மீட்டர் உயரம், உடம்பு முழுக்க எழுத்து. மகள் அரை மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்துக் கூடத்தில் பழைய அசீரியாவின் கோர்சாபாத் அரண்மனை வாசலில் நின்ற சிறகு முளைத்த காளைகள், மனிதத் தலையோடு, நாலு மீட்டருக்கு மேல் உயரம். அத்தை கொஞ்சம் நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு “இவங்க ஊரு யாளி” என்றார். அப்புறம் எண்ணிப் பார்த்து, “அஞ்சு கால் இருக்கே?” முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால் நிற்கிற மாதிரியும், பக்கவாட்டில் பார்த்தால் நாலு கால் நடக்கிற மாதிரியும் தெரிவதற்காகச் சிற்பி செய்த வேலை அது. எங்கள் மூவர் கண்ணிலும் அது படவில்லை. அதே பகுதியில் கண்ணாடிக் கூரை போட்ட மார்லி முற்றம் இருக்கிறது. வெள்ளைக் குதிரைச் சிலைகள், நடுவே பெஞ்சுகள். அத்தை அங்கே உட்கார்ந்தார், ஏழே முக்காலுக்குத் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை. அங்கே மடக்கு நாற்காலியும் சக்கர நாற்காலியும் இலவசமாக இரவல் தருகிறார்கள் என்பது வெளியே வரும்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமைதான் விழுந்தோம். சேன்ட் ஷப்பெல் சிற்றாலயம் 11 மணி, நோத்ர தாம் பேராலயம் பன்னிரண்டரை, ஓர்சே 2 மணி. மூன்றுக்கும் நேரம் குறித்த டிக்கெட். வரைபடத்தில் மூன்றும் பக்கம் பக்கம். ஆனால் சேன்ட் ஷப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது, விமான நிலையம் மாதிரிச் சோதனை. ‘வரிசை இல்லாமல் உள்ளே’ என்று விற்கிற டிக்கெட் எதுவும் சோதனை வரிசையைத் தாண்ட வைக்காது. ஊர்ந்து ஊர்ந்து எந்திரத்துக்குப் போனால், அத்தையின் பையில் ஆப்பிள் நறுக்குகிற சின்னக் கத்தி. அதை எடுத்து, பார்த்து, வாங்கி வைத்து, எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாமல் அவர்களுக்குத் தமிழ் தெரியாமல், எல்லாம் முடிய பதினொன்றே முக்கால். மேல்தளத்துக்குக் குறுகலான சுழல் படி. ஏறி நின்றதும் அத்தைகூட வலியை மறந்தார். சுவரே இல்லை, பதினைந்து மீட்டர் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடிதான், பதினைந்து ஜன்னல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைபிள் காட்சிகள். 1248-இல் கட்டி முடித்தது. அங்கே ஒரு மணி நேரம் இருந்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடத்தில் இறங்கினோம். நோத்ர தாம் நேரம் தவறிப்போனது. இலவச முன்பதிவுதான், பணம் போகவில்லை, முன்பதிவு இல்லாதவர்கள் வரிசையில் நின்றும் போகலாம். நின்றோம். 2019 தீக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்த கோயில், கல் எல்லாம் சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி வெளுத்திருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில் இல்லை. ஓர்சே போய்ச் சேர்ந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. நேரம் தப்பியும் உள்ளே விட்டார்கள். பழைய ரயில் நிலையம் அது, ஐந்தாவது தளத்தில்தான் மோனே, ரெனுவார் எல்லாம். ஆறு மணிக்கு மூடுவார்கள். ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். வான்கோவின் படத்தை விட அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு ஞாபகம்.

ராத்திரி தங்கிய வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மறுநாள் நிகழ்ச்சியை ஆரம்பித்தார். அத்தை, “நான் எங்கேயும் வரலப்பா. கீழ பெஞ்சு ஒண்ணு இருக்கு, அதுல உக்காந்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றிரவு தாளைத் திருத்தினோம். ஒரு நாளைக்கு நேரம் குறித்த டிக்கெட் ஒன்றே ஒன்று. அதுவும் காலையில். அதைச் சுற்றி நடந்துபோகிற தூரத்தில், டிக்கெட்டே தேவைப்படாத இரண்டு மூன்று இடங்கள், போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. சாயங்காலம் காலி. மகளுக்கு முதலில் அழுகையே வந்துவிட்டது, வெர்சாய் போய்விட்டதே என்று.

ஞாயிற்றுக்கிழமை 69-ஆம் எண் பஸ்ஸில் ஏறினோம். பஸ்தீயிலிருந்து லூவர், ஓர்சே, இன்வாலிட் வழியாக ஈபிள் அடிவாரம் வரை போகும் சாதாரண டவுன் பஸ். 2025-இல் பஸ் டிக்கெட் 2 யூரோ, மெட்ரோ இரண்டரை யூரோவாக இருந்தது. சுற்றுலா பஸ்காரர்கள் இதே தெருக்களுக்குப் பல மடங்கு வாங்குகிறார்கள். டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈசி அட்டை அப்போது 2 யூரோ, ஆளுக்கு ஒன்று வேண்டும். வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், நடுவாரத்தில் இறங்கிய எங்களுக்கு அது நஷ்டம். பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் லிப்ட் கிடையாது, படிக்கட்டு படிக்கட்டாக இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களோடு போகிறவர்கள் பஸ்ஸையே நம்புங்கள், வெளியே ஊரும் தெரியும். மதியம் லுக்சம்பர்க் தோட்டம். பச்சை இரும்பு நாற்காலியை இஷ்டப்பட்ட இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் குளத்தில் பாய்மரப் பொம்மைப் படகு விடுவதை மூன்று மணி நேரம் பார்த்தோம். ‘மூன்று மணி நேரம்’ என்று தாளில் எழுதியிருந்தால் வீட்டுக்காரர் அந்த வரியையே அடித்திருப்பார்.

சாயங்காலம் லா ஷப்பெல் என்ற பகுதி. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள், பெயர்ப்பலகையில் தமிழ், பக்கத்தில் விநாயகர் கோயில். சாப்பாட்டுக் கடையில் இருந்த அம்மா “வாங்கோ, இருங்கோ, என்ன சாப்பிடுறியள்?” என்று கேட்டதும் அத்தைக்கு முகம் மலர்ந்தது. தோசையும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை. ஒரு விஷயத்தை அவர்தான் சொன்னார். “கையிலே அட்டை வச்சுக்கொண்டு கையெழுத்துக் கேட்டு வருவினம். நிக்காதேங்கோ, நடவுங்கோ. மற்றவ பையிலே கை வைப்பா.” மறுநாளே சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டருகே கையில் நூல் கட்ட ஒருவர் வந்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தோம்.

ஈபிள் மேலே ஏறவில்லை. ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. எதிரே உள்ள திரோகாதெரோ மேடையில் நின்றோம், பத்து மணிக்குக் கோபுரம் ஐந்து நிமிடம் மினுமினுத்தது. இருட்டிய பின் மணிக்கொரு தரம் அப்படி மின்னும், காசு இல்லை.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அத்தை சைவம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர் கொண்டுபோனோம், சமையலறை உள்ள வீடாகப் பார்த்துத் தங்கினோம். நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோகக் கூடாது. வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துவர அனுமதியில்லை. கறிவேப்பிலைக்கும் அதே கதி. உணவகங்களில் மதியச் சமையலறை இரண்டு மணிக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள், அப்புறம் ஏழு மணிக்குத்தான். மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக்கடைதான் கதி.

செவ்வாய்க்கிழமை ரோம். இரண்டு மணி நேர விமானம்தான், ஆனால் வாசல் முதல் வாசல் வரை அரை நாளுக்கு மேல் போனது. அந்த நாளில் எதையும் வைக்காதீர்கள். புதன் காலை கொலோசியம், ஒரே டிக்கெட். பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்து, மேட்டில் உள்ள சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்துக்கு நடந்தோம், மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை அங்கே இலவசம். போய்ச் சேர 12.40. கதவு சாத்தியிருந்தது. ரோமில் பல தேவாலயங்கள் நம் கோயில் மாதிரியே பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மூன்று மணிக்குத் திறக்கும். அத்தைக்கு இதில் ஆச்சரியமே இல்லை. “சாமிக்கும் மத்தியானத் தூக்கம் வேணும்ல” என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார். பழைய தாளாக இருந்தால் அன்று ரத்தக்கொதிப்பு வந்திருக்கும். மூன்று மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். மோசே தாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொலோசியம் டிக்கெட்டிலேயே பக்கத்தில் உள்ள பழைய ரோமன் மன்றமும் சேர்த்தி, 24 மணி நேரம் செல்லும். அங்கே தரையெல்லாம் மேடுபள்ளமான கல். மகளும் வீட்டுக்காரரும் உள்ளே போனார்கள். நானும் அத்தையும் டாக்சி பிடித்து கம்பிதோலியோ மேட்டுக்குப் போய், பின்பக்கச் சுவரருகே நின்று மேலிருந்தே மொத்தத்தையும் பார்த்தோம். டிக்கெட் இல்லாத அந்தக் காட்சிதான் நல்ல காட்சி என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் வாட்டிகன். நீண்ட நீண்ட கூடங்கள் கடந்து கடைசியில்தான் சிஸ்டைன் வரும், நடுவே சுருக்குவழி தேடாதீர்கள். அங்கே படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. எல்லாரும் நடுவில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்க, சுவரோரம் பெஞ்சில் ஓர் இடம் காலியானதும் அத்தை போய் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கூரை ஓவியத்தில் ஆதாம் விரல் நீட்டுவதை நிதானமாகப் பார்த்தார். செயின்ட் பீட்டர் பசிலிக்காவில் அரைக்கால் சட்டையோடு வந்த வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தினார்கள். முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். சேலை கட்டிய மாமியாரும் சுடிதார் போட்ட மருமகளும் உள்ளே போனோம், அவர் வெளியே தூணடியில் காத்திருந்தார். கோபுரத்துக்கு 551 படி, பாதி வரை லிப்டில் போனாலும் மீதி 320. “மலைக்கோட்டை ஏறியே பத்து வருஷமாச்சு, இங்க எதுக்கு?” என்றார் அத்தை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமைக்கு மகள் ஒன்றுமே எழுதவில்லை. பழைய ரோமன் கோயிலான பாந்தியோனுக்கு மட்டும் காலையில் போனோம், அப்புறம் சந்து சந்தாக நடந்தோம். ரோம் தெருக்களில் ‘நசோனே’ என்று இரும்புக் குடிநீர்க் குழாய்கள் உண்டு, வளைந்த மூக்கு, தண்ணீர் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம். நாங்கள் குனிந்து குனிந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தோம். அங்கே இருந்த ஒரு கிழவர் அத்தையைத் தட்டிக் கூப்பிட்டு, குழாயின் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். மூக்கின் மேலே இருந்த சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து மேலே பீய்ச்சியது, குனிய வேண்டாம். அத்தை ஒருமுறை செய்து பார்த்தார், குடித்தார். அடுத்த நசோனே அருகே யாரோ ஓர் ஆள் பாட்டிலோடு குனிந்தபோது, “இப்பிடி, இப்பிடி” என்று தமிழிலேயே சொல்லி விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.